இட்லி குண்டான் கூட்டணி

எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லை என்று டிவியில் சொன்ன சாயங்காலம் முதல் கும்மிடிப்பூண்டியில் யாராலும் எதையும் தனியாகத் தூக்க முடியவில்லை. டீ கிளாஸ்கூட மேஜையை விட்டு எழவில்லை. இன்னொருவர் கை கொடுத்தால் எழுந்தது, அதுவும் அவர் வேறு கட்சிக்கு ஓட்டுப் போட்டவராக இருந்தால் மட்டும். ஒரே கட்சிக்காரர்கள் தெருவே திரண்டு முக்கினாலும் ஒரு செருப்பு நகரவில்லை. சிப்காட் கம்பெனிகள் சீக்கிரமே பழகிக்கொண்டு, ஆளுக்கொரு கட்சியாக ஜோடி சேர்த்து ஷிப்ட் போட்டன. ஓட்டே போடாமல் பழவேற்காட்டுக்கு மீன் தின்னப் போனவர்களுக்கு மட்டும் யாரோடு சேர்ந்தும் எதுவும் அசையவில்லை. பாவம், அவர்களுக்கு அக்கம்பக்கத்தார் ஊட்டிவிட்டார்கள்.

ரோலிங் மில் கேட்டுக்கு எதிரே நாஷ்டா கடை வைத்திருந்த திலகவதிக்குத்தான் குட்டு உடைந்துவிடுமோ என்று பயம். அவள் புருஷன் முனுசாமி, கட்சியின் கிளைச் செயலாளர். ஒவ்வொரு தேர்தலுக்கும் அவளை பைக்கில் பூத்துக்கு அழைத்துப்போய், இறக்கிவிடும்போது காதில் சின்னத்தைச் சொல்லி அனுப்புவான். அவளும் தலையாட்டிவிட்டு உள்ளே போய், எதிர்க்கட்சிக்கே போட்டுவிட்டு வருவாள். அவளுக்கே அவளுக்கென்று இருந்தது அந்த அரை நிமிஷம்தான். அதை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. தெருவில் ஒரு ஓட்டு எப்போதும் குறைகிறதே என்று கணக்குப் பார்த்த முனுசாமி, அது பக்கத்து வீட்டுச் சடையப்பன் வேலைதான் என்று முடிவுகட்டி, அவரோடு பேச்சையே நிறுத்தியிருந்தான்.

"எங்க ஊட்ல ரெண்டு ஓட்டும் ஒண்ணு. அவ புடிச்சா ஏறாது" என்று பெருமையடித்துக்கொண்டு, எதிர்க்கட்சிக்காரனான கிரேன் ஆபரேட்டர் ஸ்டீவனோடு சேர்ந்து தினமும் இட்லி குண்டானை அடுப்பிலிருந்து இறக்கினான். திலகவதி மிக்ஸி பக்கத்தை விட்டு நகரவில்லை. டெல்லியில் பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போனது. ஒரு சின்னக் கட்சி ரயில்வே கேட்டது. இன்னொரு சின்னக் கட்சியும் அதையே கேட்டது. இரண்டும் முறைத்துக்கொண்ட நாளில் குண்டான் கனத்தது, கைகுலுக்கிய நாளில் லேசானது.

ஒரு நாள் காலை குண்டானை அடுப்பில் ஏற்றிவிட்டுப் போன ஸ்டீவன், இறக்கத் திரும்பி வரவில்லை. மில்லில் இன்னும் சங்கு ஊதவில்லை, கடையில் வேறு ஆள் இல்லை. குண்டானில் தண்ணீர் சுண்டி அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. ராத்திரி ஷிப்ட் முடித்து வருகிறவர்கள் பசியோடு வருவார்கள். முனுசாமி ஒரு காதைப் பிடித்து முக்கினான். திலகவதி முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு வந்தாள்.

"நீ புடிக்காத மே. ஏறாது."

அவள் பிடித்தாள். குண்டான் காலிக்குடம் போல ஏறியது.

முனுசாமிக்குக் கோபம் வந்தது. ஆனால் கொதிக்கிற குண்டானைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் கோபித்துக்கொண்டு போக முடியாது. விட்டால் ஆளுக்கொரு கால் வெந்துவிடும்.

"எப்பலர்ந்து மே?"

"கண்ணாலம் ஆனதுலர்ந்து."

"அப்ப அந்தக் கொறையற ஓட்டு?"

"என்துதான்யா. எறக்கு, கை சுடுது."

முதலில் அவன் தொப்பைதான் குலுங்கியது. பிறகு குண்டான் குலுங்கியது. அப்புறம் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் இட்லித் தட்டுகள் தாளம் போட்டன. இறக்கி வைத்த கையோடு முனுசாமி முதல் ஈட்டு இட்லியைத் திலகவதியோடு சேர்ந்து தூக்கிப்போய்ச் சடையப்பன் வீட்டில் கொடுத்தான். காரணம் தெரியாமலே அவர் சாப்பிட்டார்.

அந்த வாரமே டெல்லியில் கூட்டணி அரசு பதவியேற்றது. ஊரில் எல்லாச் சாமானும் பழையபடி லேசானது, திலகவதியின் இட்லி குண்டானைத் தவிர. அதை இன்றைக்கும் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்துதான் இறக்குகிறார்கள். ஏன் என்று கடைக்கு வருகிற யாரும் கேட்பதில்லை.

அடுத்து வந்த உள்ளாட்சித் தேர்தலுக்கும் முனுசாமி அவளை பைக்கில்தான் அழைத்துப்போனான். பூத் வாசலில் இறக்கிவிட்டு, வழக்கம்போலக் காதருகே குனிந்தான்.

"மாத்திப் போட்றாத மே. காலைல குண்டான் தூக்கணும்."