லோரியான் வீட்டுப் பின்சுவர்

ரொசேர் பெல்ட்டியே இறந்து ஒரு மாதத்துக்குப் பிறகு, பட்டப்பகலில், தன் வீட்டுப் பின்சுவரில் மாட்டியிருந்த ஹீட் பம்பின் ஆவியில் நின்று குளிர் காய்ந்துகொண்டிருந்தார். முதலில் பார்த்தது தபால் வண்டிக்காரர். அவர் வழக்கம்போலக் கையை உயர்த்தி ஆட்டிவிட்டு, அடுத்த வளைவு வரை போன பிறகுதான் வண்டியை நிறுத்தினார். மறுநாள் ஞாயிறு. பூசை முடிவதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கனடாவிலும் தெரிந்திருக்கும், நம் ஆட்களின் வாய் அப்படி.

ரொசேர் செத்தது எண்ணெயால். அந்த டிசம்பரில் நிலவறையில், வீட்டைச் சூடாக்கும் உலைக்கான எண்ணெய்த் தொட்டியின் அளவுக்குமிழ், தொட்டி காலியான பிறகும் பாதியிலேயே சிக்கிக்கொண்டிருந்தது. குமிழை விரலால் சுண்டிப் பார்க்காமல் நம்பக் கூடாது என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். ரொசேர் சுண்டவில்லை. புயலடித்த சனிக்கிழமை மதியம் உலை இருமிவிட்டு அணைந்தது. திங்கட்கிழமை எண்ணெய் வண்டி வந்துவிடும், அதுவரை போர்வையைச் சுற்றிக்கொண்டு சமாளிக்கலாம் என்றார் அவர். அவர் மனைவி லோரியான் இரண்டு ஸ்வெட்டருக்குள்ளிருந்து, "எனக்குக் குளிருது, ரொசேர்" என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். ரொசேர் தகர டின்னை எடுத்துக்கொண்டு, வளைவிலிருக்கும் பெட்ரோல் நிலையத்துக்கு, உலையில் ஊற்ற டீசல் வாங்க நடந்து போனார். வாங்கவும் செய்தார். திரும்பும்போது கண்ணை மறைக்கும் பனியில் வழி தப்பி, வீட்டுப் பின்சுவருக்குப் பக்கத்திலேயே சுற்றிச் சுற்றி விழுந்துகிடந்தார். புயல் நின்ற பிறகு கண்டெடுத்தபோது நிறைந்த டின் மடியில் இருந்தது. ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

எங்கள் ஊரில் குளிர்காலத்தில் சாகிறவர்களுக்குப் பொறுமை வேண்டும். மண் இரும்பாகக் கிடக்கும். மே மாதம் இளகும்வரை குழி வெட்ட முடியாது. அதுவரை கல்லறைத் தோட்டத்து ஓரத்திலிருக்கும் கல் அறையில், பெட்டிமேல் பெட்டியாகக் காத்திருப்பார்கள். எல்லார் வீட்டுப் பெரியவர்களும் அப்படிக் காத்திருந்தவர்கள்தான், யாரும் அதைப் பெரிதாக நினைப்பதில்லை. லோரியானால் மட்டும் தாங்க முடியவில்லை. குளிரில் செத்த மனுஷனை மறுபடியும் குளிரிலா போடுவது என்று கல் அறைக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார். பங்குச் சாமியார், வேறு வழியில்லையம்மா என்றார். உண்மையிலேயே வேறு வழியில்லை.

இனி இந்த வீட்டுக்குள் எண்ணெய் வரக் கூடாது என்று லோரியான் முடிவெடுத்தார். அவருடைய அக்கா மகன் கில்மன் ஹீட் பம்ப் மாட்டுகிறவன். வெளியே ஒரு பெட்டி, உள்ளே சுவரில் ஒரு பெட்டி. வெளிக்காற்றிலிருக்கும் சூட்டைப் பிழிந்து உள்ளே தள்ளும். ஊரில் அப்போது இரண்டு மூன்று வீடுகளில்தான் இருந்தது. "குளிர்லேர்ந்து சூடு எடுக்கப் போறானாம், அப்புறம் கல்லுலேர்ந்து பால் கறப்பான்" என்று பெட்ரோல் நிலையத்தில் கில்மனைக் கிண்டல் செய்வார்கள். அவன் அசரமாட்டான். அவர்களுக்குச் சொல்லும் பதிலையேதான் சித்தியிடமும் சொன்னான்: "எவ்வளவு குளிர்ந்தாலும் காத்துல கொஞ்சம் சூடு மிச்சம் இருக்கும் சித்தி. நம்ம தோலுக்குத் தெரியாது, இதுக்குத் தெரியும்." காற்று நேராக அடிக்காத சுவர் பின்சுவர்தான். சித்தப்பா கிடந்த இடம் அது என்று தெரிந்தும், வேறிடமில்லாமல் வெளிப்பெட்டியை அங்கேயே மாட்டினான்.

முதல் நாளே வீடு கதகதப்பானது. அந்தக் காற்றில் மரமறுக்கும் ரம்பத்தின் எண்ணெயும் புதினா மிட்டாயும் கலந்த வாசனை வந்தது. ரொசேரின் கழுத்துப்பட்டி வாசனை அது. லோரியான் சுவர்ப்பெட்டிக்கு நேர்கீழே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பல வாரங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினார். சந்தோஷமாக இருந்தார் என்றே சொல்ல வேண்டும்.

ஹீட் பம்புக்கு ஒரு குணம் உண்டு. வெளிப்பெட்டியில் பனி உறைந்துபோனால் அது தன் வேலையை நிறுத்திவிட்டு, வீட்டுச் சூட்டை வெளியே அனுப்பிப் பனியை உருக்கிக்கொள்ளும். அந்தச் சில நிமிடங்கள் வீடு சில்லிட்டுப்போகும், வெளியே ஆவி குபுகுபுவென்று எழும். அந்த ஆவியில்தான் ரொசேர் வந்து நிற்பார். காதுமடல் தொப்பி, கையுறை இல்லாத கைகள். இரண்டு உள்ளங்கைகளையும் பெட்டிக்கு நேரே விரித்துக்கொண்டு, வீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், குளிரில் நடுங்கும் எவரும் அடுப்பைப் பார்ப்பதுபோல அதையே பார்த்துக்கொண்டிருப்பார். முகத்தில் ரத்தம் ஏறும். பிறகு பெட்டி மறுபடி உள்ளே சூடு இழுக்கத் தொடங்கும். மூக்கு நீலமாகி, காது நீலமாகி, அவர் மெல்லக் கரைந்துபோவார்.

லோரியான் இதைச் சமையலறை ஜன்னலிலிருந்து பல தடவை பார்த்தார். பிறகு கில்மனைக் கூப்பிட்டனுப்பினார்.

"உள்ள வர்ற சூடு யாரோடதுடா?"

"யாரோடதுன்னா? வெளிய இருக்கிறதுதான் சித்தி."

"வெளிய இருக்கிறது உன் சித்தப்பா."

கில்மன் ஜன்னல் பக்கம் திரும்பினான். அவனும் வண்டியை நிறுத்தும்போது பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தான்.

"திருப்பிப் போடு. வீட்டுல இருக்கிறதெல்லாம் அவருக்குப் போகட்டும்."

"பைத்தியமா சித்தி? அது வெயில் காலத்துக்கு. இந்தக் குளிர்ல திருப்பினா ஓடவே ஓடாது. ஓடினாலும் குழாயெல்லாம் வெடிச்சிடும், நீங்களும் வெறைச்சுப் போவீங்க. மாட்டேன்."

அவன் போனதும் லோரியான் ரிமோட்டை எடுத்துத் தானே திருப்பினார். ஓடாது என்ற இயந்திரம் ஓடியது. சாயங்காலத்துக்குள் ஜன்னலின் உள்பக்கம் பனி பூத்தது, குழாய்கள் கில்மன் சொன்னபடியே வெடித்தன. இரண்டு நாள் கழித்து அவன் வந்து பார்த்தபோது, சித்தி ரொசேரின் கம்பளிக் கோட்டுக்குள் உட்கார்ந்திருந்தார். கில்மன் திட்டினான், அழுதான், மறுபடி திட்டினான். கடைசியில் தன் வீட்டுக் கொட்டகையிலிருந்து ஒரு சின்ன விறகடுப்பைத் தூக்கிவந்து சமையலறையில் வைத்தான். மற்ற அறைகளைச் சாத்திவிட்டார்கள். ரிமோட்டை அவன் தொடவில்லை.

பின்சுவருக்கு வெளியே பனி பின்வாங்கத் தொடங்கியது. முதலில் ஒரு பாய் அகலம், பிறகு ஒரு அறை அகலம். சேறு தெரிந்தது, சேற்றில் புல் வந்தது, பிப்ரவரியில் மஞ்சள் பூப்பூத்தது. ரொசேர் இப்போது நாள் முழுக்க அங்கேயே இருந்தார். தொப்பியைக் கழற்றியிருந்தார், கோட்டுப் பொத்தான்களைத் திறந்துவிட்டிருந்தார். ஒரு நாள் கில்மன் கடப்பாரையை எடுத்துப்போய் மண்ணில் குத்தினான். கைப்பிடிவரை இறங்கியது. ரொசேர் ஒதுங்கி நின்று இடம் விட்டார்.

சாமியார் வந்தார். வீட்டு நிலத்தில் புதைக்கலாமா, மே மாதம்வரை பொறுக்கலாமே என்று ஆரம்பித்தவர், குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தார். வெதுவெதுப்பாக இருந்தது. அப்புறம் கல் அறைச் சாவியை எடுத்துக்கொடுத்தார். ஊரே வந்து மாறிமாறி வெட்டியது. சுற்றிலும் மார்பளவு பனி, வெட்டியவர்களுக்கு வியர்த்தது. சவப்பெட்டியை இறக்கும்போது எல்லாரும் கையுறையைக் கழற்றினார்கள், அந்த மாதத்தில் எங்கள் ஊரில் அடக்கம் என்பதே அதுவரை நடந்ததில்லை. பிறகு சமையலறையில் நெருக்கிக்கொண்டு, சூடான ப்ளோய் அப்பத்தில் வெண்ணெய் தடவிக் கோழிக் குழம்போடு சாப்பிட்டார்கள்.

அன்றோடு ரொசேர் ஆவியில் நிற்பது நின்றுபோனது. லோரியான் அதை எதிர்பார்க்கவில்லை. ஜன்னலில் காத்திருந்து பார்த்துவிட்டு, புயலடித்த சனிக்கிழமையைவிட மோசமாக அழுதார். அன்று போனவர் டின்னோடு திரும்பி வந்துவிடுவார் என்ற நினைப்பாவது இருந்தது.

இனி யாரும் வெளியே இல்லையே, சூட்டை உள்ளே திருப்பிவிடலாம் சித்தி என்று கில்மன் ரிமோட்டை எடுத்தான். லோரியான் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "கீழ இருக்காருடா. திருப்பினா அவர்கிட்டேர்ந்துதான் இழுக்கும்."

அதற்குப் பிறகு பல குளிர்காலங்கள் வந்து போயின. ஊரில் முக்கால்வாசி வீடுகளில் ஹீட் பம்ப் வந்துவிட்டது, எண்ணெய் வண்டி இந்தச் சாலைப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டது. மற்ற வீட்டுப் பெட்டிகளில் வெறும் ஆவிதான் எழுகிறது. ஆனாலும் அது எழும்போது பேச்சைக் கொஞ்சம் நிறுத்துவது எங்கள் ஊர்ப் பழக்கமாகிவிட்டது. லோரியான் சமையலறையிலேயே வாழ்கிறார். பிப்ரவரியில் பின்சுவரோரம் முளைக்கும் இளங்கீரையைப் பறித்து அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தனுப்புவார், நாங்கள் கழுவிச் சாப்பிடுவோம். வெளிப்பெட்டி பழசாகிவிட்டது. கில்மன் வருஷா வருஷம் வந்து துடைத்து, எண்ணெய் விட்டு, சூடு இன்னும் வெளியேதான் போகிறதா என்று கையை வைத்துப் பார்த்துவிட்டு உள்ளே வருவான்.

"குளிருதா சித்தி?" என்று கேட்பான்.

"இல்லையே" என்பார் லோரியான். உதடு நீலமாக இருக்கும். அவன் மேற்கொண்டு கேட்காமல் அடுப்பில் இன்னொரு விறகை வைப்பான்.