ராய் பார்க்காத இரண்டாம் பாதி

லோவெலின் அப்பா ராய் பென்கே, மகன் கல்லூரியில் அமெரிக்கக் கால்பந்து ஆடிய நான்கு வருடங்களில் ஓர் ஆட்டத்தைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. ஐம்பத்தெட்டு மாடுகள், மாலை நான்கு மணிக்குக் கறவை, மைதானத்திலிருந்து பண்ணைக்கு ஒரு மணி நேரப் பாதை. ஒரு மணிக்குத் தொடங்கும் ஆட்டத்தில் இடைவேளை விசில் ஊதியதும் எழுந்துவிடுவார். தொப்பியை ஒருமுறை தூக்கிக் காட்டிவிட்டு வண்டிக்குப் போவார். மீதியை ரேடியோவில் கேட்டுக்கொள்வார். அம்மா இறந்தபின் கறவையை வேறு கையில் விட அவருக்கு மனம் வந்ததே இல்லை.

அதனால் லோவெலுக்கு முதல் பாதி என்றால் அப்பா. அதைத்தான் அவன் தன் தலையாலேயே இழந்தான்.

கடைசிக்கு முந்தைய ஆட்டம், வெளியூரில். இரண்டாம் பாதியில் எதிரணியின் எம்மெட் வோஸ் பந்தைப் பிடித்துத் திரும்பிய கணத்தில் லோவெல் தலையைக் குனிந்து பாய்ந்தான். ஹெல்மெட்டும் ஹெல்மெட்டும் இடித்த சத்தம் கடைசி வரிசைவரை கேட்டது. தலையால் முட்டியது தவறு என்று நடுவர் மஞ்சள் துணியை வீசினார். லோவெலை வெளியே அனுப்பிவிட்டார்கள். எம்மெட் தானாகவே எழுந்து நடந்தான். மருத்துவரும் பயப்பட ஒன்றுமில்லை என்றார்.

இரண்டாம் பாதியில் வெளியேற்றப்பட்டவன் அடுத்த ஆட்டத்தின் முதல் பாதியிலும் ஆடக் கூடாது. அது விதி. அடுத்தது லோவெலின் கடைசி ஆட்டம். கல்லூரியில் மட்டுமல்ல, வாழ்க்கையிலேயே அதன் பிறகு அவனுக்கு ஆட்டம் கிடையாது.

பயிற்சியாளர் ப்ரூயெட் மோதலின் வீடியோவை லீக்கின் மறுபரிசீலனைக்கு அனுப்பத் தயாரானார். எம்மெட்தான் கடைசி நொடியில் குனிந்தான் என்று வாதாடலாம் என்றார். லோவெல் அதை மெதுவாக ஓடவிட்டுப் பலமுறை பார்த்தான். எம்மெட் குனியவில்லை.

"குனிஞ்சது நான்தான், கோச்."

"தெரியுதுடா. இருந்தாலும் அனுப்பறேன். அனுப்பலைன்னா எனக்குத் தூக்கம் வராது."

புதன்கிழமை ஒற்றை வரியில் பதில் வந்தது. தண்டனை நிற்கும். லோவெல் அப்பாவைக் கூப்பிட்டான். அந்தப் பக்கம் கறவை இயந்திரம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"தலையால முட்டினியா?"

"முட்டினேம்பா."

"அப்பச் சரி. நான் வரேன். நீ பெஞ்சுல உக்காந்திருக்கறதையாவது பாக்கறேன்."

லோவெல் மோதலுக்கு மறுநாளே எம்மெட்டிடம் மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தான். எங்கள் வீட்டு மாடு இதைவிட நன்றாக முட்டும் என்று பதில் வந்திருந்தது. எம்மெட்டும் பால் பண்ணைப் பிள்ளை. அன்று தொடங்கிய பேச்சு நிற்கவில்லை. புதன் இரவு லோவெல், அப்பா கறவைக்காக எப்போதும் இடைவேளையில் எழுந்து போவதைப் பற்றி எழுதினான். எதையும் கேட்டு எழுதவில்லை, மனசு பாரமாக இருந்தது, எழுதினான். எம்மெட்டின் அணிக்கு அந்த ஆட்டத்தோடு ஆட்டப் பருவம் முடிந்திருந்தது; லோவெலின் கடைசி ஆட்டம் நடக்கும் சனிக்கிழமை அவன் சும்மாதான் இருப்பான்.

வியாழக்கிழமை எம்மெட் நேராக ராயையே தொலைபேசியில் அழைத்தான். சனிக்கிழமைக் கறவையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். ராய் அவனை அரை மணி நேரம் குடைந்தார். காம்பை எதால் துடைப்பாய், மடி வீங்கியிருந்தால் என்ன செய்வாய், மருந்து போட்ட மாட்டின் பாலை எங்கே ஊற்றுவாய். பையன் எல்லாவற்றுக்கும் சரியாகவே சொன்னான்.

"பெர்னிஸ்னு ஒருத்தி இருக்கா. உதைப்பா. பாத்து நில்லு."

"உங்க பையனை விடவா, சார்?"

அன்றிரவு இதையெல்லாம் அப்பா லோவெலிடம் தொலைபேசியில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அம்மா போனபிறகு அவர் அப்படிச் சிரித்து அவன் கேட்டதில்லை.

சனிக்கிழமை முதல் பாதி முழுக்க லோவெல் கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு பெஞ்சில் இருந்தான். இடைவேளை விசில் ஊதியது. மேலே அப்பா பழக்கத்தில் எழுந்துவிட்டார். கை தொப்பிவரை போனது. பிறகு அங்குமிங்கும் பார்த்துவிட்டு, வெட்கப்பட்டவர்போல மெல்ல உட்கார்ந்தார். லோவெல் உடை மாற்ற ஓடினான். கண் கலங்கியதை யாரும் பார்க்கவில்லை.

இரண்டாம் பாதியில் அவன் தடுத்து வீழ்த்திய முதல் ஆளைத் தோளால்தான் இடித்தான். தலை நிமிர்ந்தே இருந்தது.

மூன்று புள்ளியில் தோற்றார்கள். நவம்பர் வெளிச்சம் மங்கி, மைதான விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அப்பா புல்லில் இறங்கி வந்து அண்ணாந்து பார்த்தார்.

"இந்த விளக்கெல்லாம் எரியுமாடா? நாலு வருசமா சும்மா நட்டு வச்சிருக்காங்கன்னு நெனச்சேன்."

லோவெலின் தொலைபேசியில் எம்மெட்டின் செய்தி இருந்தது. உரக்கப் படித்தான். "பெர்னிஸ் உதைச்சுட்டா. அடுத்த கறவைல முதல் பாதி வெளிய நிக்கணும்னு சொல்லிட்டேன்."

அப்பா தொலைபேசியை வாங்கி, கண்ணாடியைத் தேடி மாட்டி, ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாக நன்றி என்று அடித்தார். அனுப்பியபின்னும் அந்தச் சொல்லையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சீக்கிரம் வண்டில ஏறு," என்றார். "அந்தப் பையன் சாப்பிடாமப் போயிடப் போறான்."