அருள்மேரி அக்காவின் இன்ஜின்

செம்பாக்கத்தில் இருந்த அப்பாதுரை அண்ணனின் கேரேஜுக்குப் பம்பாய்க் கம்பெனியின் கடிதம் வந்தபோது, நான் ஒரு பொய்யைச் சொல்லி ஐந்து மாதம் ஆகியிருந்தது. அது 1992 மார்ச்.

நான் தாம்பரம் கார் ஷெட்டில் ஃபிட்டர். மின்சார ரயில் பெட்டிகளின் பிரேக்கைப் பார்ப்பது என் வேலை. விடுமுறை நாட்களில் அப்பாதுரை அண்ணனின் ரேஸ் காரை ஓட்டுவேன். ஒரே ஆள் உட்காரும் சின்ன கார் அது. முதுகுக்குப் பின்னால் இன்ஜின், பக்கத்துக்கு ஒன்றாகத் தகரம், அவ்வளவுதான். இரும்புக் குழாய்களை அறுத்து, பற்றவைத்து, அந்த கேரேஜிலேயே அண்ணன் கட்டியது. இன்ஜின் மட்டும் பொழிச்சலூரிலிருந்து வரும். அதைச் செய்தவர் அருள்மேரி அக்கா.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருடைய கணவர் ஐசக் மீனம்பாக்கம் விமான நிலையத்தில் வேலை பார்த்தார். வீட்டை ஒட்டி ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை, அதற்குள் ஒரு லேத், ஒரு கிரைண்டர். பழைய பியட் காரின் இன்ஜினைப் பிரித்து, சிலிண்டர் ஹெட்டுக்குள் காற்று போகும் வழியை அக்கா கையாலேயே தேய்த்துத் தேய்த்து அகலப்படுத்துவார். சுண்டுவிரலை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்ப்பார். "இங்க ஒரு மேடு இருக்கு" என்பார். எனக்கு ஒன்றும் தெரியாது. அவர் தேய்த்த பிறகு இன்ஜின் குரலே மாறியிருக்கும். வருடத்துக்கு ஒரு டீமுக்குத்தான் இன்ஜின் செய்வார். "ரெண்டு பேருக்கு ஒத்துக்கிட்டா ரெண்டு பேருக்கும் அரைகுறையாப் போயிடும்" என்பது அவர் பேச்சு. மூன்று வருடமாக அந்த ஒரு டீம் நாங்கள்தான்.

முந்தின வருடம் அக்டோபரில், ஶ்ரீபெரும்புதூர் பக்கத்துப் புது டிராக்கில் கடைசிப் பந்தயம். நான் இரண்டாவதாகப் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் போகிறவரைப் பிடித்துவிடலாம் என்ற வெறியில், ஒரு வளைவுக்கு முன் நான்காவது கியரிலிருந்து மூன்றாவதுக்குத் தள்ள வேண்டிய நான், அவசரத்தில் இரண்டாவதில் தள்ளிவிட்டேன். இன்ஜின் அலறியது. இன்ஜின் சுழலும் வேகத்தைக் காட்டும் முள், இதற்கு மேல் போகக் கூடாது என்று அக்கா போட்டிருந்த சிவப்புக் கோட்டைத் தாண்டி எங்கேயோ போனது. படபடவென்று ஒரு சத்தம். அதோடு முடிந்தது.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்ததும் அப்பாதுரை அண்ணன் ஓடி வந்தார். "இன்னாச்சுபா?"

"தெரியலண்ணா. ஓடிக்கினு இருந்துச்சு, தானா நின்னுடுச்சு."

அதுதான் அந்தப் பொய். அந்த டிராக்கில் அந்த நிமிஷத்தில் எனக்கு வேறு வார்த்தை வரவில்லை. பிறகு ஒவ்வொரு நாளும் சொல்லலாம் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். இன்ஜின் பொழிச்சலூருக்குப் போனது. அக்கா பிரித்துப் பார்த்துவிட்டு, "வால்வு வளைஞ்சிருக்கு, சரி பண்ணித் தரேன்" என்று மட்டும் சொல்லி அனுப்பினார். அண்ணனோ, "மேரி கைல பழைய நேக்கு இல்ல. இன்ஜின் வீக்கு" என்று எல்லோரிடமும் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

இந்த நேரத்தில்தான் பம்பாய்க் கடிதம். அந்தக் கம்பெனி தன் புது இன்ஜினைப் பந்தயத்தில் காட்ட விரும்பியது. அதற்கென்று சொந்தமாக இரண்டு கார்கள் வைத்திருந்தது. அதோடு வெளி டீம் ஒன்றுக்கும் இன்ஜின் தருவதாகச் சொன்னது. இலவசம். அக்காவின் இன்ஜினைவிடப் பதினைந்து குதிரைசக்தி கூடுதல். ஒரே நிபந்தனை: இன்ஜினுக்கு ஈய முத்திரை வைத்திருப்பார்கள், நாம் திறக்கக் கூடாது.

"பாஞ்சு குதிர பாலகுரு! நேர் ரோட்டுல எவன் நம்மள புடிப்பான்?" என்றார் அண்ணன். நான் தலையாட்டினேன்.

அக்காவிடம் நேரில் சொல்ல அவருக்குக் கூச்சம். என்னை அனுப்பினார். கொட்டகையில் எங்கள் பழைய இன்ஜின் பிரித்தபடி பெஞ்சின் மேல் கிடந்தது. நான் விஷயத்தைச் சொன்னேன். சரியாக அப்போது தலைக்கு மேல் விமானம் இறங்கியது. அது போகும்வரை அக்கா காத்திருந்தார். பிறகு கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"அந்த இன்ஜின் என்ன வெயிட்டு?"

"தெரியலக்கா."

"கேட்டுக்குங்க" என்றார். ஏப்ரலில் பெங்களூர் டீம்காரர் தேவய்யா அவரைத் தேடி வந்தபோது, அந்த வருடத்துக்கு அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டார்.

ஜூலையில் முதல் பந்தயம். நேர் ரோட்டில் கார் பறந்தது உண்மை. ஆனால் வளைவு வந்ததும் ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்சக்கரம் கேட்கவில்லை. கார் நேராகவே போகப் பார்த்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினால் பின்பக்கம் சட்டென்று சுழன்றது. இரண்டு முறை புல்லுக்குள் போய் வந்தேன். ஆறாவது இடம். ஆகஸ்டில் ஏழாவது. போன வருடத்து வலுக்குறைந்த இன்ஜினோடு ஒரு சுற்றுக்கு எடுத்ததைவிட இரண்டு விநாடி அதிகம் எடுத்தேன்.

செப்டம்பர் பந்தயத்தில் கம்பெனியின் சொந்தக் கார்கள் திடீரென்று வேகம் பிடித்தன. விசாரித்தால், அவற்றின் இன்ஜினுக்குப் புது கேம்ஷாஃப்ட், அதாவது வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு, மாட்டியிருந்தார்கள். அப்பாதுரை அண்ணன் கம்பெனி மேனேஜரிடம் போய், "எங்களுக்கு சார்?" என்றார்.

"அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றார் அவர், மரியாதையாகத்தான்.

அண்ணன் திரும்பி வந்து டயர் மேல் உட்கார்ந்துகொண்டார். "நம்ம வண்டிக்குள்ள இன்னா கீதுன்னு நம்மளே தொறந்து பாக்க முடியல. இது இன்னா பொழப்பு பாலகுரு?" என்றார். இந்த இடத்துக்கு அவரைக் கொண்டுவந்து விட்டது என் வாய்தானே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொழிச்சலூர் போனேன். அக்கா அப்போதுதான் மாதா கோயில் பூசை முடிந்து வந்திருந்தார். புடவைகூட மாற்றவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கியரை மாற்றிப் போட்டது, பயத்தில் பொய் சொன்னது, அவர் பெயர் கெட்டபோது சும்மா இருந்தது.

அக்கா பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்டனை எடுத்து என் கையில் வைத்தார். அதன் தலையில் பிறை போல இரண்டு தழும்புகள்.

"வால்வு வந்து இடிச்ச தடம். சுத்து எக்கச்சக்கமாப் போனாத்தான் இப்படி இடிக்கும். பிரிச்ச அன்னைக்கே தெரியும் பாலகுரு."

"அப்ப ஏன்க்கா அண்ணன்கிட்ட சொல்லல?"

"நான் சொன்னா அண்ணன் உங்கள வண்டில ஏத்த மாட்டாரு. நீங்க சொல்வீங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்." கொஞ்சம் நிறுத்தி, "ரொம்ப நாள் எடுத்துக்கிட்டீங்க" என்றார்.

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஐசக் அண்ணன் உள்ளேயிருந்து காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

அன்று மதியமே செம்பாக்கம் போய் அப்பாதுரை அண்ணனிடமும் சொன்னேன். அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே போட்டார். "ஒரு வருசமா அந்தப் பொம்பளைய நான் ஊரெல்லாம் பேசிக்கினு இருந்தேனேடா" என்றார். அவ்வளவுதான். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கார் ஷெட் வாசலில், ஷிஃப்ட் முடிந்து நான் வெளியே வரும்போது, மெட்டடோர் வேனோடு நின்றிருந்தார். பின்னால் டிரெய்லரில் கார்.

"ஏறு. மேரியாண்ட போலாம்."

கொட்டகை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார் அண்ணன். "மேரி, தப்பு என்னுது. நேர்ல வந்து சொல்லக்கூட துப்பில்லாம ஆள உட்டேன். மன்னிச்சுக்கோம்மா."

"உள்ள வாங்கண்ணா, வெயில்ல நிக்காதீங்க" என்றார் அக்கா. பிறகு அவர் காரைச் சுற்றி வந்தார். இன்ஜினில் தொங்கிய ஈய முத்திரையைப் பார்த்தார், தொடவில்லை. "பம்மல்ல லாரி எடை போடுற இடம் இருக்குல்ல, அங்க போகலாம்."

தோல் ஏற்றி வந்த இரண்டு லாரிகளுக்கு நடுவில் எங்கள் கார் வரிசையில் நின்றது. எடை மேடைக்காரர் சிரித்தார். முதலில் முழு காரையும் ஏற்றினோம். பிறகு பின்சக்கரங்களை மட்டும். மொத்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு பின்னால் இருந்தது. அண்ணன் முன்பு குறித்து வைத்திருந்த எடையோடு ஒப்பிட்டால், பம்பாய் இன்ஜின் பழையதைவிட முப்பது கிலோ அதிகம்.

"இன்ஜின் மேல குத்தமில்ல" என்றார் அக்கா. "நல்ல இன்ஜின்தான். ஆனா அண்ணன் இந்தக் காரக் கட்டினது என்னோட இன்ஜினுக்கு. பின்னால கனம் ஏறினதும் முன்சக்கரம் தரையப் புடிக்கல. இதுக்கு வேற கார் கட்டணும். அவங்க ஆளுங்க கார் அப்படித்தான் கட்டியிருக்காங்க. அதனால அவங்களுக்கு ஓடுது."

ஏழு மாதத்துக்கு முன் அவர் கேட்ட ஒரே கேள்வியை நாங்கள் யாரிடமும் கேட்கவே இல்லை.

"எங்களுக்கு ஒன்னு பண்ணிக் குடேன் மேரி" என்றார் அண்ணன்.

"முடியாதுண்ணா. இந்த வருஷம் தேவய்யா சாருக்கு வாக்குக் குடுத்துட்டேன்."

அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டார். வற்புறுத்தவில்லை. நாங்கள் காரை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, அக்கா ரோட்டைக் கடந்து எதிரிலிருந்த எஸ்.டி.டி. பூத்துக்குள் போவதைப் பார்த்தேன். ஐந்து நிமிடம் கழித்து வந்தார்.

"தேவய்யா சார்கிட்ட பேசினேன். புதுசா ஒன்னும் பண்ணல, போன வருஷம் ரிப்பேருக்கு வந்தது பாதில கிடக்குது, அத முடிச்சுக் குடுக்கலாமான்னு கேட்டேன். 'ஆரம்பிச்ச வேலைய முடிக்கிறதுக்கு என்னை ஏன்மா கேக்குற, குடு, ஆனா என்னை முந்தக் கூடாதுன்னு அந்த டிரைவர்கிட்ட சொல்லு'ன்னு சிரிக்கிறாரு."

அப்பாதுரை அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். தூசி விழுந்துவிட்டது என்றார். பம்மல் ரோட்டில் தூசிக்குப் பஞ்சமில்லைதான்.

பம்பாய் இன்ஜினை முத்திரை கெடாமல் திருப்பி அனுப்பினோம். வேறொரு டீம் அதற்குக் காத்திருந்ததால் மேனேஜர் வருத்தப்படவில்லை. அக்கா வளைந்த வால்வுகளை மாற்றினார். ஹெட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி, ஒரு சொட்டும் கசியவில்லை என்று காட்டினார். சுற்று காட்டும் மீட்டரில், அழிந்துபோயிருந்த சிவப்புக் கோட்டின் மேல் நகப்பூச்சால் மறுபடி ஒரு கோடு போட்டார்.

"இதத் தாண்டாதீங்க பாலகுரு."

"தாண்ட மாட்டேன்க்கா."

நவம்பர் முதல் ஞாயிறு. விடிந்ததிலிருந்து மேகம், ஆனால் மழை இல்லை. முடிச்சூர், படப்பை வழியாக டிரெய்லரை இழுத்துக்கொண்டு போனோம். முதல் வளைவிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கையைத் திருப்பியதும் முன்சக்கரம் திரும்பியது. சொன்ன பேச்சைக் கேட்கும் பழைய கார். ஹெல்மெட்டுக்குள் நான் சத்தம் போட்டுச் சிரித்தேன்.

ஐந்தாவது சுற்றில் மூன்றாம் இடம். முன்னால் கம்பெனியின் கார் ஒன்று, அதற்கும் முன்னால் தேவய்யாவின் கார். வளைவுகளில் நான் கம்பெனிக் காரைப் பிடிப்பேன், நேர் ரோட்டில் அது தப்பித்துப் போகும். எட்டாவது சுற்றில் அதை முந்தினேன். நேர் ரோட்டில் அது மீண்டும் என் பக்கவாட்டில் வந்தது. கால் தானாக அழுத்தியது. முள் நகப்பூச்சைத் தொட்டது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் அதைத் தடுத்து நிறுத்தலாம். அந்தப் பிஸ்டனின் தழும்புகள் கண் முன்னால் வந்தன. முள் கோட்டுக்குக் கீழே இறங்கும்படி மேல் கியருக்கு மாற்றினேன். கம்பெனிக் கார் என்னைத் தாண்டிப் போனது.

போகட்டும் என்று விட்டேன். கடைசிச் சுற்றின் கடைசி வளைவில் அது அகலமாகத் திரும்பியது. உள்பக்கமாக நுழைந்தேன். அங்கிருந்து கொடிக்கு நூறு கெஜம்தான். பாதிக் கார் நீளத்தில் நான் இரண்டாவது. தேவய்யாவின் கார் முதல்.

வண்டியை நிறுத்தியதும் அண்ணன் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். அக்கா முதலில் தேவய்யாவுக்குக் கைகொடுத்துவிட்டு எங்களிடம் வந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை. இன்ஜின் ஆறியதும் ஸ்பார்க் பிளக் ஒன்றைக் கழற்றி, நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். காப்பிப் பொடி நிறம், இன்ஜின் சரியாக எரிந்திருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அப்புறம்தான் சிரித்தார்.

"ரெண்டும் உன் இன்ஜின்தானே மேரி, ஒன்னாவதும் ரெண்டாவதும்" என்றார் அண்ணன்.

"ஆமாண்ணா" என்றார். அவர் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அடுத்த வருடம் அக்கா தன் பழைய வழக்கத்தை மாற்றிக்கொண்டார். வேலைக்கு ஒரு ஆளைச் சேர்த்துக்கொண்டு, தேவய்யாவுக்கும் எங்களுக்கும் ஒரே மாதிரி இரண்டு இன்ஜின்கள் செய்தார். எது யாருக்கு என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார். 1994-இல் எங்கள் பிரிவில் சாம்பியன் பட்டம் எங்களுக்கு வந்தது. அப்பாதுரை அண்ணன் கேரேஜ் போர்டில் தன் பெயருக்குக் கீழே, அதே அளவு எழுத்தில், 'இன்ஜின்: அருள்மேரி, பொழிச்சலூர்' என்று எழுதவைத்தார்.

1996-இல் தோள் வலி வந்து நான் ஓட்டுவதை நிறுத்தினேன். சொல்லிக்கொள்ளப் பொழிச்சலூர் போனேன். நாலு வருடமாகத் தொண்டையில் நின்றிருந்ததை அன்று சொன்னேன்.

"அக்கா, நீங்க அன்னைக்கே வாயத் தெறந்திருந்தா, நான் அதோட போயிருப்பேன். அதுக்கப்புறம் நான் ஓட்டினதெல்லாம் நீங்க குடுத்ததுதான்."

அக்கா கிரைண்டரை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நல்லாத்தான் ஓட்டினீங்க" என்றார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "சாப்பிட்டுப் போங்க, மீன் வாங்கியிருக்கேன்" என்று வீட்டுக்குள் போனார். நான் பின்னாலேயே போனேன்.