கேப்டனுக்கு லைசென்ஸ் இல்லை

கொழுந்தனுக்குக் கேப்டன் என்று பட்டப்பெயர். சூட்டியவர் வேறு யாருமில்லை, அவரேதான். விமானத்தில் பயணியாகக்கூட இரண்டு முறைக்கு மேல் ஏறாத மனிதர், ட்ரோன் வாங்கிய மறுநாளே கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டார். வீட்டுக்குள்ளும் அதைக் கழற்றுவதில்லை. இரண்டு முறை கதவு நிலையில் முட்டிக்கொண்டார்.

கேப்டனின் அண்ணிக்குக் கட்டட ஆய்வு வேலை. தொழிற்சாலை, கிடங்கு எனப் பதினெட்டு வருடம் ஏணி வைத்து ஏறிக் கூரைகளைப் பார்த்தவள். முழங்கால் தகராறு செய்ய ஆரம்பித்ததும் கேப்டனைக் கூட்டிப் போனாள். அவர் பறக்கவிடுவார்; படத்தில் துருவும் விரிசலும் தேடி இவள் அறிக்கை எழுதுவாள். ஒவ்வொரு வீடியோவிலும் முதல் இரண்டு நிமிடம் கேப்டனின் முகம்தான் இருக்கும். அதைத் தாண்டித்தான் கூரை.

பிறகு கம்பெனிகள் விவரமாகிவிட்டன. தொழில்முறையில் ட்ரோன் ஓட்டச் சான்றிதழ் உண்டா, லைசென்ஸ் நம்பர் என்ன என்று கேட்டுக் கடிதம் வந்தது.

"ரூல்ஸெல்லாம் ஓட்டத் தெரியாதவன் உக்காந்து எழுதினது அண்ணி. காத்துல யாராவது கோடு போட முடியுமா?" என்றார் கேப்டன்.

"காத்துக்கு இல்ல தம்பி. உங்களுக்குத்தான் போட்டிருக்காங்க."

அவர் பரீட்சை எழுதுவதாக இல்லை. பத்தாவதில் கணக்குப் பரீட்சைக்கே வயிற்றுவலி வந்தவர் என்பது அண்ணிக்குத் தெரியும். டயர் கடை மாடியில் நடந்த வகுப்பில் அவளே போய்ச் சேர்ந்தாள். எவ்வளவு உயரம் போகலாம், கூட்டத்துக்கு மேலே ஏன் பறக்கக்கூடாது, ட்ரோனை ஏன் கண்பார்வையிலேயே வைத்திருக்க வேண்டும், யாரிடம் முன் அனுமதி வாங்க வேண்டும் என்று சமையல் மேடையில் புத்தகத்தைச் சாய்த்து வைத்துப் படித்தாள். எழுத்துப் பரீட்சையில் தொண்ணூற்றிரண்டு.

செய்முறையில் தோற்றாள். பழக்கதோஷம், திரையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ட்ரோன் எல்லைக் கொடியைத் தாண்டிப் போய்விட்டது.

அன்று கேப்டன் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டார் ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள். "கை வேணும் அண்ணி, கை! புத்தகமா பறக்கும்?"

அவள் தனக்கென்று ஒரு ட்ரோன் வாங்கினாள். காலி மைதானத்தில் பிளாஸ்டிக் வாளிகளை வரிசையாகக் கவிழ்த்து, மூன்று வாரம் அவற்றைச் சுற்றிச் சுற்றி ஓட்டினாள். இரண்டாம் முறை தேறினாள்.

லைசென்ஸ் அட்டை வந்த அன்றே கேப்டனின் குரலில் தேன் வடிந்தது. "அட்டை உங்களோடது, கை என்னோடது. கம்பெனிக்காரன் நம்பரைத்தானே பாக்கப் போறான்?"

"உங்க கைக்கு நான் கையெழுத்துப் போடறதா இல்ல."

முதல் வேலை, மருத்துவமனையை ஒட்டிய குளிர்பதனக் கிடங்கு. அங்கே ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர் இறங்கும் தளம் உண்டு. காலை ஒன்பதிலிருந்து பத்துவரை பறக்க அனுமதி. ஆனால் கிளப்பும் முன் மருத்துவமனைக்குப் போன் செய்தாக வேண்டும். செய்தாள். ஹெலிகாப்டர் வந்துகொண்டிருக்கிறது, இருபது நிமிடம் பொறுங்கள் என்றார்கள்.

"வானமே காலியாத்தான இருக்கு?" என்று கிடங்கு மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார்.

கூப்பிடாமலே தன் ட்ரோனோடு வந்து நின்ற கேப்டனுக்கு அது போதும். "பயந்தவங்க பொறுக்கட்டும். நான் அஞ்சே நிமிஷத்துல முடிச்சுத் தரேன் சார்" என்றவர், அவள் "வேண்டாம்" என்று சொல்லி முடிப்பதற்குள் பக்கத்திலிருந்த கொட்டகைக்குப் பின்னால் ஓடிக் கிளப்பிவிட்டார்.

ஹெலிகாப்டர் சத்தம் கேட்டது. கட்டடங்களுக்கு மேல் வந்தது, தயங்கியது, பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு விலகிப் போனது. உள்ளே யாரோ படுத்திருக்கிறார்கள்.

"இறக்குங்க தம்பி!"

கேப்டனின் விரல்கள் ரிமோட்டின் மேல் விறைத்துக் கிடந்தன. "எங்க இருக்குன்னே தெரியல அண்ணி." சூரனின் தொண்டையிலிருந்து எலிக்குரல் வந்தது.

அவள் ரிமோட்டைப் பிடுங்கினாள். திரையை விட்டுவிட்டு வானத்தைத் துழாவினாள். தண்ணீர்த் தொட்டிக்கு மேலே புள்ளி தெரிந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு அதைத் தரைக்குக் கொண்டுவந்தாள். ஆறு நிமிடம் கழித்துத்தான் ஹெலிகாப்டர் இறங்கியது. வந்தவருக்கு என்ன ஆயிற்று என்று பிறகு போன் செய்து கேட்டாள். வெளியாருக்குச் சொல்ல முடியாது என்று வைத்துவிட்டார்கள்.

மருத்துவமனை புகார் சொல்லி, விமானத் துறை அதிகாரியின் வண்டி கிடங்கு வாசலில் வந்து நின்றதும் கேப்டன் அவள் காதோரம் வந்தார். "நீங்கதான் ஓட்டினதா சொல்லிடுங்க அண்ணி. லைசென்ஸ் இருக்கறவங்கள ஒண்ணும் பண்ண மாட்டாங்க."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கறுப்புக் கண்ணாடி ஒரு காதிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதிகாரியிடம் தாளை வாங்கி, கிளப்பியது யார், இறக்கியது யார் என்று நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தாள்.

வீட்டில் கணவர் சாப்பாட்டைத் தொடவில்லை. "என்ன இருந்தாலும் அவன் என் தம்பி."

"ஹெலிகாப்டர்ல வந்தவரும் யாருக்கோ தம்பியா இருக்கலாம்."

அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு சாப்பிட்டார்.

ட்ரோனைப் பறிமுதல் செய்தார்கள். இரண்டு வருடத்துக்கு லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கவே கூடாது என்று கேப்டனுக்கு உத்தரவு வந்தது. தன் திறமையைப் பார்த்து அரசாங்கமே மிரண்டுவிட்டதாக அவர் சொல்லிக்கொண்டு திரிகிறார். நம்பவும் நாலு பேர் இருக்கிறார்கள். அந்த மாதிரி ஆட்களுக்கு எப்போதும் நாலு பேர் கிடைத்துவிடுகிறார்கள்.

அடுத்த வாரம் அண்ணி மறுபடி அனுமதி வாங்கிக் கிடங்குக்குப் போனாள். வானத்தைக் கவனிக்கத் துணையாள் வேண்டும். கணவர் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வந்து விறைப்பாக நின்றார்.

"நான் என்ன பண்ணணும்?"

"மேல பாருங்க. ஏதாவது வந்தா சொல்லுங்க. மத்தபடி பேசாதீங்க."

கூரையின் வடக்கு மூலையில் நான்கு தகடுகள் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தன. மேனேஜர் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, தகடு போட்டு ஒரு வருடம்கூட ஆகவில்லையே என்று முனகினார். அண்ணி பார்த்ததைப் பார்த்தபடி அறிக்கையில் எழுதினாள்.