இரண்டு இனிஷியல்

துறையில் பத்து ஆண்டுகளாக யார் யாரோடு சேர்ந்து கட்டுரை எழுதினார்கள் என்று காட்டும் படம், மறுநாள் ஆய்விதழுக்குப் போக வேண்டும். ஐந்து கட்டுரையாவது எழுதியவருக்குத்தான் அதில் ஒரு புள்ளி. கட்டுரை கூடக் கூடப் புள்ளி பெரிதாகும்; யார் முந்தி என்று கூடவே ஓர் அட்டவணை. சேர்ந்து எழுதியவர்களுக்கு நடுவே ஒரு கோடு.

"அண்ணே, படத்துல அண்ணியக் காணோமே," என்றாள் பக்கத்து மேசை ஆய்வு மாணவி.

அவன் மனைவி இறந்து எட்டு மாதம். இதே துறையில் வேலை பார்த்தவள்.

பட்டியலைத் திறந்தான். அவள் அப்பாவின் இனிஷியலோடு நான்கு கட்டுரை. கல்யாணத்துக்குப் பிறகு அவனுடைய இனிஷியலோடு மூன்று. கணினிக்கு அவள் இரண்டு பேர். இரண்டு பேருமே ஐந்தைத் தொடவில்லை. இப்படி உடைந்து கிடக்கும் பெயர்களை ஒட்டுவதுதான் இந்த ஆய்வில் அவன் வேலை. அறுபது பேரை ஒட்டியிருந்தான். பெண்டாட்டியைக் கோட்டை விட்டிருந்தான்.

நேரே பேராசிரியர் அறைக்குப் போனான்.

"சேர்த்தா அட்டவணை பூரா மாறுமேப்பா," என்றார் அவர். "முதலிடமே மாறும்."

"யாரோட முதலிடம் சார்?"

அவர் பேனா மூடியைத் திருகினார். ஆறு கட்டுரையோடு முதலிடத்தில் இருந்தது அவர்தான். ஒட்டினால் அவளுக்கு ஏழு.

"அந்தப் பொண்ணு இனிமே ப்ரமோஷனா கேக்கப் போகுது? கடைசியில நன்றின்னு ஒரு வரி போட்டுடலாம்."

அவனுக்குச் சுர்ரென்று ஏறியது.

"உங்க ஆறுல அஞ்சு அவகூட எழுதினது. அவ இல்லாததால உங்க புள்ளி ஒத்தையா நிக்குது. படத்தப் பாத்தீங்களா இல்லையா?"

"துக்கத்துல பேசுற."

"துக்கம் வேற, தப்பு வேற சார். தப்பு நான் பண்ணது, நான் திருத்துறேன். வேண்டாம்னா இந்தக் கட்டுரையிலேருந்து என் பேர எடுத்துடுங்க. ஏன் எடுத்தீங்கன்னு இதழ்க்காரங்க கேட்டா, நானே பதில் எழுதிக்கறேன்."

பேராசிரியர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "சேர்த்துத் தொலை."

மேசைக்கு வந்து இரண்டு வரிகளையும் தேர்ந்தெடுத்தான். எந்தப் பெயரை வைத்துக்கொள்ள என்று கணினி கேட்டது. அறுபது பேருக்கும் ஒரே விதி: அதிகம் வந்த வடிவம் நிற்கும். நான்கா, மூன்றா.

மாணவி எட்டிப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

பல்லைக் கடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினான். அவள் பெயரிலிருந்து அவனுடைய எழுத்து போயிற்று. படத்தின் நடுவில், எல்லோருடையதையும் விடப் பெரிதாக ஒரு புள்ளி வந்தது.