நடுவில் வெட்டிய படம்

கத்தரி அந்தப் படத்தை இரண்டாக வெட்டியதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. காமிக்ஸ் ரசிகர்களுக்காக அவளுடைய அண்ணன் தினமும் காலையில் நேரலையில் நடத்தும் செய்தி நிகழ்ச்சியைப் பாதிப் பேர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டுதான் பார்க்கிறார்கள். நிமிர்த்திப் பிடித்த போனில் இரட்டைப் பக்க ஓவியம் தபால்தலை அளவுக்குச் சுருங்கிவிடும். அதனால் இடது பக்கத்தைத் தனியாகவும் வலது பக்கத்தைத் தனியாகவும் திரையில் ஏற்றினாள். வெட்டுவது, ஒட்டுவது, கேமரா மாற்றுவது எல்லாம் அவள் பொறுப்பு. கத்தரி என்ற பட்டப்பெயர் வந்ததும் அதனால்தான்.

பதிப்பகம், வரப்போகும் இதழிலிருந்து அந்த ஓவியத்தை நிகழ்ச்சி பாதி ஓடியபின் அனுப்பியிருந்தது. அண்ணன் திரையில் வந்ததை வந்தபடியே வாசித்தார். தொடரின் நாயகி, முகமூடி வீராங்கனை உப்புக்காரி, கோபுரத்தில் ஏறுகிறாள். கடலில் விழுகிறாள். கரையேறி முகமூடியைக் கழற்றி எறிகிறாள். அடுத்த பக்கத்தில் கோபுரத்தின் மேல் மின்னல். அவள் உடல் தண்ணீரில் உப்பாகக் கரைகிறது. முகமூடி மட்டும் மிதக்கிறது.

"செத்துட்டாங்க" என்றார் அண்ணன். கருத்துப் பெட்டி முழுக்க ஒப்பாரி.

மறுநாள் காலை விளக்குகளைச் சரிசெய்துகொண்டிருக்கும்போதே ஓவியர் போன் செய்துவிட்டார். கத்தரிதான் எடுத்தாள்.

"அவ சாகலைங்க. ரெண்டு பக்கமும் சேர்ந்து ஒரே படம். மேல் வரிசையை இந்த ஓரத்துலேருந்து அந்த ஓரம் வரைக்கும் படிச்சுட்டுத்தான் கீழ இறங்கணும்."

கத்தரி மனதுக்குள் படித்துப் பார்த்தாள். ஏறுகிறாள், மின்னல் தாக்குகிறது. விழுகிறாள், கரைகிறாள். மறுபடி உருவெடுத்துக் கரையேறி முகமூடியை எறிகிறாள். அது மிதந்து போகிறது. செத்துப்போகவில்லை. சாகச வேலை போதும் என்று உப்புக்காரி விட்டுவிட்டாள், அவ்வளவுதான்.

"அவ செத்துட்டான்னு நம்பி கடைக்காரங்கல்லாம் ஆர்டரைக் குறைக்கிறாங்க" என்றார் ஓவியர். "இன்னிக்குச் சாயந்திரம் அச்சு எண்ணிக்கையை முடிவு பண்றாங்க. குறைஞ்சா இந்த இதழோட என் தொடரையே நிறுத்திடுவாங்க."

நிகழ்ச்சி நடக்கும் பின்னறையில் ஜன்னலைப் போர்வை போட்டு மூடியிருந்தது, தெருச் சத்தம் வராமல் இருக்க. ஓரத்தில் லேப்டாப்போடு அண்ணி. பார்வையாளர் கருத்துகளைக் கவனிப்பது அவர் வேலை.

"வீடியோவைத் தூக்கிடுங்க. வருந்துகிறோம்னு ஒரு வரி போட்டா முடிஞ்சுது" என்றார் அண்ணி.

"நேத்து நான் வாயால கொன்னேன். அவளை ஒரு வரியில உயிரோட கொண்டுவர முடியுமா?"

"அண்ணே, வெட்டினது நான்" என்றாள் கத்தரி.

"வாசிச்சது யாரு? விடு. அந்தப் படத்தை முழுசாப் பெரிய தாள்ல பிரிண்ட் எடுத்துட்டு வா."

கத்தரிக்கு அண்ணனிடம் பிடித்ததே இதுதான். மற்ற நிகழ்ச்சிக்காரர்கள் அட்டையைக் காட்டிவிட்டுக் கத்துவார்கள். அண்ணன் விடியும் முன்பே எழுந்து அன்றைக்கு வந்த இதழ்களைக் கடைசி வரி வரை படிப்பார். ஓவியர் பெயரோடு, வண்ணம் தீட்டியவர், வசன எழுத்துகளை வரைந்தவர் பெயர்களையும் விடாமல் சொல்வார். பிடிக்காத புத்தகத்திலும் நன்றாக வந்த ஒரு கட்டத்தைத் தேடிப் பிடித்துவிடுவார். அப்படிப்பட்டவர் வாயில் தப்பு வர, தானே காரணமாகிவிட்டோமே என்று அவளுக்கு ஆறவில்லை.

நேரலை தொடங்கியது. அண்ணன் வணக்கம் சொன்ன கையோடு விஷயத்துக்கு வந்தார்.

"நேத்து நான் ஒரு படத்தைத் தப்பா படிச்சேன். உப்புக்காரி சாகல. நான் சொன்னா நம்பாதீங்க, நீங்களே பாருங்க. முதல்ல எல்லாரும் போனைப் படுக்க வைங்க."

கத்தரி மேசைக்கு மேலே தொங்கும் கேமராவுக்கு மாற்றினாள். முழு ஓவியமும் திரையை நிறைத்தது. கருத்துகள் ஓடின, அண்ணி சிரிப்பை அடக்கிக்கொண்டு சத்தமாக வாசித்தார்: "படுக்க வச்சாச்சு அண்ணே. பக்கத்து சீட்டுக்காரரும் கழுத்தைச் சாய்ச்சுப் பாக்குறாராம்."

அண்ணனின் விரல் முதல் வரிசையில் மெதுவாகப் போனது. எங்கே அலையின் கோடு இடது பக்கத்தில் கிளம்பி வலது பக்கத்தில் முடிகிறது, எங்கே மேகத்தின் நிழல் நடு மடிப்பைத் தாண்டுகிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். மின்னல் கட்டத்தில் விரல் நின்றது.

"இங்க அவ முகத்தைப் பாருங்க. வெறும் வெள்ளை. முகமூடி இருக்கா, இல்லையான்னே தெரியல. ஏன்னா அந்த நொடியிலேயே அவ மனசுல அதைக் கழட்டிட்டா. கரைக்கு வந்து எறியறது சும்மா கை செய்யற வேலை. இதைப் போய் நான் சாவுன்னு சொன்னேன் பாருங்க, என்னை எதால அடிக்கறது!"

கத்தரிக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாளும் தொடாத தன் மைக்கைத் திறந்தாள்.

"அண்ணே, தனியா அடி வாங்காதீங்க. படத்தை ரெண்டா வெட்டினது நான். பேர் கத்தரி."

அண்ணன் அவள் பக்கம் திரும்பினார். பிறகு கேமராவைப் பார்த்து, "என் தங்கச்சி. இத்தனை நாள் குரலையும் வெட்டியே வச்சிருந்தா" என்றார். கருத்துப் பெட்டியில் திட்ட வந்தவர்களும் சிரித்துவிட்டார்கள். அண்ணி லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். ஒரு கடைக்காரர் எழுதியிருந்தார்: நேற்றுக் குறைத்ததைத் திரும்பப் போட்டுவிட்டேன், அந்த மின்னலை என் கடை ஜன்னலில் பெரிதாக ஒட்ட வேண்டும்.

எல்லாக் கடைகளும் அப்படி மனம் மாறவில்லை. மாலை வரை மூவருக்கும் வேறு எதிலும் கை ஓடவில்லை. அண்ணன் கடைகடையாகப் போன் போட்டுக்கொண்டிருந்தார். இருட்டும் நேரத்தில் ஓவியர் கூப்பிட்டார்.

"கொஞ்சம் குறைச்சிருக்காங்க. ஆனா தொடர் நிக்கல. அடுத்த இதழ் வரையச் சொல்லிட்டாங்க."

கத்தரி சுவரில் சாய்ந்து மூச்சை விட்டாள். "அண்ணன்கிட்ட குடுக்கட்டுமா?"

"இருங்க, முதல்ல உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அந்த முகத்தை வெளிச்சம் தூக்கலா இருக்கட்டும்னுதான் வெள்ளையா விட்டேன். அவர் சொன்ன மாதிரியெல்லாம் நான் யோசிக்கவே இல்ல. அவர் சொன்னதுக்கப்புறம்தான் அவ ஏன் எறிஞ்சான்னு எனக்கே தெரிஞ்சுது. அடுத்த இதழை அங்கேருந்துதான் ஆரம்பிக்கப் போறேன். சொல்லலாமா அவர்கிட்ட?"

கத்தரி அறைக்குள் எட்டிப் பார்த்தாள். அண்ணன் நாளைக்கான இதழ்க் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க. ஆனா இன்னிக்கு வேண்டாம்" என்றாள் கத்தரி. "சொன்னா இதையே பேசிப் பேசி ராத்திரி பூரா எங்களைத் தூங்க விடமாட்டார்."