தொண்டை கட்டிய மணி

1984இல் மலேசியாவில், எங்கள் பாடாங் செராய் வீட்டுக்கு நானே ஓர் அழைப்பு மணி செய்தேன். பொத்தானை அழுத்தினால் ஒரு மாதா பாட்டு ஒலிக்கும். பினாங்குக் கடையில் இரண்டு வகை மைக்ரோகண்ட்ரோலர் சிப் காட்டினார்கள். ஒன்றில் எழுதினால் அழியாது. இன்னொன்றின் முதுகில் சின்னக் கண்ணாடி; அதில் வெயில் பட்டால் எழுதியது அழியும், மறுபடி எழுதலாம். ஒரே தடவையில் நான் சரியாகச் செய்த காரியம் கல்யாணம் மட்டும்தான் என்பதால், அழிவதையே வாங்கினேன்.

என் மனைவி கேதரின் கறியைக் கிண்டிக்கொண்டே தாளில் நான் குறித்திருந்த பாட்டின் எண்களை வாசித்தாள், நான் அவற்றைச் சிப்பில் எழுதும் கருவியில் தட்டினேன். எங்கோ ஓர் எண்ணை மாற்றி வாசித்துவிட்டாள். பாட்டின் நடுவே மணி தவளை மாதிரி கத்தியது.

“திருத்தட்டுமா?”

“விடுங்க லா. மாதாவுக்குத் தொண்டை கட்டிக்கிச்சின்னு நினைச்சுக்குவாங்க.”

சிப்பின் கண்ணாடி மேல் வெயில் படாமல் கறுப்பு டேப் ஒட்டி, மூடியில்லாமல் சன்னலோரம் மாட்டினேன்.

மூன்றாம் வருஷம் கேதரின் இறந்துபோனாள். அதன்பிறகு, திறக்க ஆளில்லாத வீட்டுக்கு நானே மணியடித்துவிட்டு உள்ளே போவேன், அந்தத் தவளைக்காக.

கிறிஸ்துமஸுக்கு வீடு துடைக்க வந்த அவள் தங்கை அகத்தா, பிசுபிசுத்த டேப்பை உரித்துப் போட்டுவிட்டாள். சில வார வெயிலில் மணி ஊமையானது. பாவம், அவளை என்ன சொல்ல?

சரியான எண்கள் தாளில் இருந்தன. தவறான எண் கேதரின் வாயில் மட்டுமே இருந்தது. மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தேன். விதவிதமாகக் கத்தியது, அந்தத் தவளை மட்டும் வரவில்லை. கடைசியில் சரியான பாட்டையே எழுதி மாட்டினேன்.

ஈஸ்டருக்கு வந்த அகத்தா பொத்தானை அழுத்தினாள். “அத்தான், இப்பதான் நல்லா பாடுது!”

“ஆமாம்மா,” என்றேன். “தொண்டை சரியாப் போச்சு.”